ஆபீஸ் முடிந்து கேஜுக்குள்: புதியவர்களின் அமெச்சூர் எம்எம்ஏ போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் மென்பொருள் சோதனை வேலை பார்ப்பவன் நான். சாயங்காலங்களில் ஏழு வருடமாக ஜியு-ஜிட்சு பாயில் உருண்டுகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு முறை, குத்து, உதை, தரைப் பிடி எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டையின் அமெச்சூர் போட்டியில் இறங்கி, இரண்டாவது ரவுண்டில் தோற்றேன். அதற்கப்புறம் மற்றவர்களுக்காக அவர்கள் மூலையில், அதாவது கார்னரில், தண்ணீர் பாட்டிலோடு நிற்பதோடு சரி. ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில் யாராவது என்னை ஓரங்கட்டி, "நானும் ஒரு ஃபைட் பண்ணலாம்னு இருக்கேன், டேஞ்சரா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை, எழுதிவிட்டேன். நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை.

ஆபீஸ் வேலை செய்பவர்களுக்கென்று தனியாகப் போட்டி உண்டா என்ன?

உண்டு. இதன் வேர் பாக்ஸிங்கில் இருக்கிறது. 1980களின் கடைசியில் நியூயார்க் புரூக்ளினில் உள்ள கிளீசன்ஸ் ஜிம்மில் வக்கீல்களும் பங்குச்சந்தைக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் மோத ஆரம்பித்தார்கள். 'ஒயிட் காலர் பாக்ஸிங்' என்று பெயர் வந்தது. இங்கிலாந்தில் அது எட்டு வாரப் பயிற்சி, டிக்கெட் விற்பனை, நல்ல காரியத்துக்கு நிதி என்று பெரிய நிகழ்ச்சியாகவே வளர்ந்தது. எம்எம்ஏ பக்கம் ஆஸ்திரேலியாவில் 'விம்ப் டு வாரியர்' தொடங்கினார்கள். 'நோஞ்சானிலிருந்து வீரன்' என்று வைத்துக்கொள்ளலாம். சுமார் 20 வாரம் பயிற்சி, முடிவில் குடும்பமும் நண்பர்களும் பார்க்க, வலைக் கூண்டுக்குள் ஒரு கேஜ் சண்டை. நம் ஊரில் இவ்வளவு பெரிய ஏற்பாடு அபூர்வம். இரண்டு மூன்று ஜிம்கள் சேர்ந்து தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் போட்டிகளே அதிகம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், பாதுகாப்பானதா இல்லையா?

தலையில் அடிக்க அனுமதிக்கும் எந்த விளையாட்டையும் பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலானோர் முகத்தில் கீறல், விரல் பிசகு, நாலு நாள் உடம்பு வலி என்று தப்பித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 2001 முதல் 2004 வரை நடந்த தொழில்முறைப் போட்டிகளை எடுத்துப் பார்த்தபோது, 100 பேர் இறங்கினால் 28.6 காயங்கள் என்று கணக்கு வந்தது. அதில் கிட்டத்தட்ட பாதி முகத்தில் ஏற்பட்ட வெட்டுக் காயங்கள். பயம் அந்தப் பாதியைப் பற்றி இல்லை.

என் அனுபவத்தில், நீங்கள் எவ்வளவு பலசாலி என்பதை வைத்து ஆபத்து கூடுவதோ குறைவதோ இல்லை. "இவரை இறக்க வேண்டாம்" அல்லது "போதும், நிறுத்து" என்று சொல்லக்கூடியவர்கள் நாலு பேர்: ஜோடி சேர்ப்பவர், டாக்டர், நடுவர், உங்கள் கார்னரில் நிற்பவர். அந்த நாலு பேரும் இருக்கிறார்களா, வாயைத் திறப்பார்களா என்பதைப் பொறுத்தே எல்லாம். கீழே வரும் பதில்களில் பாதி இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன.

யாராவது செத்துப்போயிருக்கிறார்களா?

ஆமாம். இதை மழுப்பக் கூடாது.

நம்மவர்களுக்கு நெருக்கமான கதை சிங்கப்பூரில் நடந்தது. 2017 செப்டம்பர் 23, மரினா பே சாண்ட்ஸில் 'ஏசியா ஃபைட்டிங் சாம்பியன்ஷிப்'. அதில் பிரபலங்கள் மோதும் ஒரு முவே தாய் (தாய்லாந்துக் குத்து-உதைச் சண்டை) ஆட்டம். இறங்கியவர் பிரதீப் சுப்பிரமணியன், 32 வயது, உடற்கட்டு விளையாட்டில் பெயர் பெற்றவர், அங்குள்ள ஒரு உடற்கட்டுக் கூட்டமைப்பின் தலைவர். விலகிக்கொண்ட வேறொருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தவர். எதிரே இருந்தவரும் தொழில்முறை வீரர் இல்லை, யூடியூபில் பிரபலமானவர். ஆட்டம் முடிந்த சற்று நேரத்தில் பிரதீப் சரிந்து விழுந்தார், அன்றிரவே இறந்தார். கட்டுமஸ்தான உடம்பு என்பது அடி வாங்கப் பழகிய உடம்பு அல்ல, இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சியும் அல்ல. யாராவது என்னிடம் வந்து தன் புஜத்தைக் காட்டினால் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

2022 ஏப்ரலில் இங்கிலாந்தின் வூஸ்டரில் ஒயிட் காலர் பாக்ஸிங் ஆடிய இருபதுகளில் இருந்த ஒருவர் இறந்தார். அதே வருடம் ஜூலையில் பெங்களூருவில் மாநில அளவிலான கிக்பாக்ஸிங் போட்டியில் முகத்தில் குத்து வாங்கி விழுந்த மைசூரு இளைஞர் சில நாட்களில் ஆஸ்பத்திரியில் உயிரிழந்தார். அரங்கில் முதலுதவிக்குச் சரியான ஏற்பாடு இல்லை என்று அவர் தரப்பில் புகார் சொன்னார்கள். போலீஸ் வழக்கும் பதிவானது. இந்த மூன்றுமே கேஜ் சண்டை இல்லை, எம்எம்ஏவும் இல்லை. ஆனால் 'அமெச்சூர்தானே, சும்மா ஒரு ஷோதானே' என்ற நினைப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பாக்ஸிங்கைவிட எம்எம்ஏ மோசமா? தரையில் போட்டுக் குத்துகிறார்களே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2000 முதல் 2013 வரை போட்டிக்குப் பிந்தைய மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்தார்கள்: 1,181 எம்எம்ஏ வீரர்கள், 550 பாக்ஸர்கள். ஏதாவது ஒரு காயம் ஏற்பட்டவர்கள் எம்எம்ஏவில் 59.4 சதவீதம், பாக்ஸிங்கில் 49.8. நினைவிழந்தவர்களை எடுத்தால் தலைகீழ்: பாக்ஸிங்கில் 7.1, எம்எம்ஏவில் 4.2. எம்எம்ஏவில் பிடி போட்டு, எதிராளியை டேப் அடிக்க (கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள) வைத்து முடிக்கலாம். பாக்ஸிங்கில் குறி பெரும்பாலும் தலைதான்.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். புதியவர்களுக்குப் பிடி போடத் தெரியாது. பதற்றத்தில் கற்றதெல்லாம் மறந்து, கண்ணை மூடிக்கொண்டு இருவரும் வீசிக்கொள்ளும் குத்துச்சண்டையாகவே முதல் போட்டி முடிகிறது. என்னுடையதும் அப்படித்தான்.

அமெச்சூர் விதிகள் யூஎஃப்சியில் பார்ப்பதிலிருந்து எப்படி வித்தியாசம்?

தொழில்முறை எம்எம்ஏவின் பெரிய அமைப்பான யூஎஃப்சியில் ஒரு ரவுண்டு ஐந்து நிமிடம். சர்வதேச அமெச்சூர் கூட்டமைப்பான இம்மாஃப் விதிகளில் மூன்று நிமிடம், மூன்று ரவுண்டு. முழங்கையால் அடிக்கக் கூடாது, முழங்காலால் தலையில் இடிக்கக் கூடாது, குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக் கிடையாது. முழங்காலுக்குக் கீழே முன்கால் எலும்புக்குக் கவசம் (ஷின் கார்டு) கட்டாயம். ஹீல் ஹூக்கைத் தடை செய்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது: வலி தெரியும்போது முழங்கால் தசைநார் ஏற்கெனவே போயிருக்கும், டேப் அடிக்க நேரமே இருக்காது.

முதல் முறை ஆடுபவர்களுக்கு, தரையில் விழுந்தவரைத் தலையில் அடிக்கக் கூடாது என்ற கூடுதல் விதியைச் சில ஜிம்கள் வைக்கின்றன. அப்படி ஒரு போட்டி கிடைத்தால் விடாதீர்கள். 'இங்கே யூஎஃப்சி ரூல்ஸ்தான்' என்று பெருமையாகச் சொல்லும் அமைப்பாளரிடமிருந்து மரியாதையாக விலகிவிடுங்கள்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாதல்லவா?

ஆகும். தலைக்கவசம் வெட்டுக் காயத்தைத் தடுக்கும், நெற்றியும் நெற்றியும் முட்டும்போது காப்பாற்றும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்துவதில்லை. தண்ணீரோடு இருக்கும் குடத்துக்கு வெளியே துணி சுற்றினாலும் உள்ளே தண்ணீர் அலம்பத்தானே செய்யும்? 2013 முதல் சர்வதேச அமெச்சூர் பாக்ஸிங்கில் ஆண்கள் பிரிவில் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள். மவுத்கார்டு மட்டும் நல்லதாக, பல் டாக்டரிடம் அச்செடுத்துச் செய்துகொள்ளுங்கள். பல் போனால் செலவு அதைவிட அதிகம்.

எத்தனை மாதப் பயிற்சிக்குப் பிறகு இறங்கலாம்?

எட்டு வாரம் போதாது என்பது என் கருத்து. இருபது வாரம் வாரத்துக்கு நாலு நாள் போனவர் என்றால் யோசிக்கலாம். நான் ஒரு வருடம் என்பேன். மாதக் கணக்கைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. கீழே மாட்டிக்கொண்டால் பதறாமல் எழுந்து வரத் தெரிகிறதா? குத்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்க்க முடிகிறதா? தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் டேப் அடிக்கக் கை போகிறதா? மூன்றாவதுதான் ஆபீஸ்காரர்களுக்குக் கஷ்டம். அப்ரைசலில் மட்டமான ரேட்டிங் வாங்கிய வருடமாக இருந்தால் இன்னும் கஷ்டம்.

போட்டி நாள்தானே ஆபத்து? பயிற்சியில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே எழுதிக்கொண்டேன். போட்டி ஒன்பது நிமிடம். அதற்கு முன்னால் ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டையில் தலையில் வாங்குவது மணிக்கணக்கு. அங்கே டாக்டரும் இல்லை, நடுவரும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி, என்னைவிடப் பதினைந்து கிலோ கூடுதலான ஒருவரோடு ஸ்பாரிங் செய்யச் சொன்னார்கள். எந்த ஜிம் என்பது வேண்டாம். வலது கை ஒன்று காதுக்கு மேலே விழுந்தது. கீழே விழவில்லை, சிரித்துக்கொண்டே ரவுண்டை முடித்தேன். மறுநாள் காலை மீட்டிங்கில் ஒரே மெயிலை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் பெயர் சட்டென்று வரவில்லை. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கோச்சிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை திரும்பவும் போய் ஸ்பாரிங் செய்தேன்.

ஏழு வருடத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் தலையில் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வேகமாக வீங்கிப் போவது அபூர்வம், ஆனால் நடக்கும்போது உயிரையே எடுத்துவிடும். நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்பதில்லை. பெரும்பாலான மூளை அதிர்ச்சிகளில் நினைவு தப்புவதே இல்லை.

சேரும் முன் ஒரு நாள் போய் ஸ்பாரிங்கை மட்டும் உட்கார்ந்து பாருங்கள். புதியவர் திணறும்போது கோச் குரல் கொடுக்கிறாரா, இல்லை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறாரா? தெரிந்துவிடும்.

என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

ரத்தத்தில் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி கட்டாயம். இவற்றைக் கேட்காத அமைப்பாளர் எதிராளியிடமும் கேட்டிருக்க மாட்டார், அவர் ரத்தம் உங்கள் மேல்தான் தெறிக்கும். 35 தாண்டியவர், சர்க்கரை அல்லது பிரஷர் உள்ளவர், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்தவர் எல்லோரும் இதய டாக்டரைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. தெற்காசியர்களான நமக்கு இதய நோய் சீக்கிரமே வந்துவிடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், வலிப்பு வந்தவர் என்றால் இந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். காய்ச்சல் அடித்த வாரத்தில் பயிற்சியும் வேண்டாம்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆபீஸில் பாதிப்பேர் கண்ணாடி. கண்ணாடியைத் தவிர்க்க லாசிக் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கருவிழியில் மெல்லிய மடிப்பு ஒன்றை வெட்டித் திரும்ப மூடியிருப்பார்கள். பல வருடம் கழித்தும் பலமான அடியில் அது நகரலாம். சண்டை விளையாட்டில் இருப்பவர்களுக்கு மடிப்பே வெட்டாத பிஆர்கே முறையைக் கண் டாக்டர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். மைனஸ் பவர் அதிகமாக உள்ளவர்களுக்கு விழித்திரை பிய்ந்துவரும் வாய்ப்பு சாதாரணமாகவே கூடுதல். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் பிறகு கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ, கருப்புப் பூச்சி பறப்பது போலவோ, திரை இறங்குவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஐந்து கிலோ குறைத்தால் சின்ன ஆளோடு மோதலாம் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். 2015 டிசம்பரில் மணிலாவில் 'ஒன் சாம்பியன்ஷிப்' என்ற எம்எம்ஏ அமைப்பின் போட்டிக்காக எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் உயிரிழந்தார். அவருக்கு வயது 21. அதற்குப் பிறகு அந்த அமைப்பு எடை விதிகளையே மாற்றி, உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா என்றும் பார்க்கத் தொடங்கியது. பக்கத்தில் பயிற்சியாளர் கூட்டத்தை வைத்திருக்கும் தொழில்முறை வீரர் கதையே இது. நீங்கள் சாதாரணமாக இட்லி சாப்பிட்டு நடமாடும் எடையிலேயே மோதுங்கள்.

ஜோடி சேர்ப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

எடை மட்டும் பார்த்தால் போதாது. எதிராளி எத்தனை வருடம் பயிற்சி எடுத்தவர், முன்பு மல்யுத்தமோ பாக்ஸிங்கோ ஆடியவரா என்று கேளுங்கள். 'எம்எம்ஏவில் முதல் போட்டி' என்று வருபவர் பாக்ஸிங்கில் மாநிலப் பதக்கம் வாங்கியவராக இருக்கலாம். வயதும் முக்கியம்: 38 வயது டீம் லீடை 22 வயது கல்லூரிப் பையனோடு சேர்க்கக் கூடாது. கடைசி நேரத்தில் ஆள் மாறினால் 'இல்லை' என்று சொல்லுங்கள். டிக்கெட் வாங்கிய நாற்பது சக ஊழியர்கள் ஏமாந்துபோவார்கள்தான், பரவாயில்லை.

நடுவர் நிறுத்துவாரே, அப்புறம் என்ன பயம்?

டொரண்டோ ஆய்வாளர்கள் 2006 முதல் 2012 வரையிலான யூஎஃப்சி நாக்அவுட் வீடியோக்களை எடுத்துப் பார்த்தார்கள். சாய்க்கும் அடி விழுந்ததிலிருந்து ஆட்டம் நிற்க சராசரியாக 3.5 விநாடி ஆகியிருக்கிறது. அதற்குள் தலையில் சராசரியாக 2.6 அடி கூடுதலாக விழுந்திருக்கிறது. அனுபவத்தில் தேர்ந்த நடுவர்கள் நிற்கும் இடத்தில் இந்தக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து விசில் ஊதிவிட்டுப் போகும் உள்ளூர் நண்பர் எத்தனை விநாடி எடுப்பார்?

அதனால் அமைப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். நடுவர் யார், இதற்கு முன் எங்கே செய்திருக்கிறார்? டாக்டர் கேஜ் பக்கத்திலேயே உட்காருவாரா, ஆட்டத்தை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா? பிசியோதெரபி மாணவரை உட்கார வைத்து 'மெடிக்கல் டீம்' என்று சொன்ன இடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்குமா, அது ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அடுத்த போட்டியை நிறுத்திவைப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் முகபாவமே போதும். எந்த ஆஸ்பத்திரி, அங்கே ராத்திரி சி.டி. ஸ்கேனும் மூளை அறுவை சிகிச்சை டாக்டரும் உண்டா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

கழுத்தை நெரிப்பது பயமாக இருக்கிறது.

கழுத்தின் இரு பக்கமும் ரத்தக்குழாய் அழுந்தினால் பத்து விநாடிக்குள் நினைவு போய்விடும், உடனே விட்டால் சில விநாடிகளில் திரும்பும். டேப் அடித்தால் அதுவரை போகாது. தலையில் வாங்கும் நாக்அவுட்டோடு ஒப்பிட்டால் எனக்கு இதில் பயம் குறைவு. அதற்காக யூடியூப் பார்த்து நண்பர்களோடு வீட்டில் பழகிப் பார்க்காதீர்கள்.

படர்தாமரை வருமாமே?

வரும். பாயிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், சட்டையைத் துவைக்காமல் இரண்டாம் நாள் போடாதீர்கள். வட்டமாகத் தடிப்பு வந்தால் ஆறும்வரை ஜிம் பக்கம் போகக் கூடாது. காது ரத்தம் கட்டி வீங்கினால் ஓரிரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தால் பழைய வடிவத்தைக் காப்பாற்றலாம்.

ஞாயிறு போட்டி, திங்கள் ஆபீஸ் போகலாமா?

தலையில் நன்றாக வாங்கியிருந்தால் முன்கூட்டியே லீவு போட்டுவிடுங்கள். மூளை அதிர்ச்சிக்கு முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும், மெல்ல நடக்கலாம். முதல் 48 மணி நேரம் திரையைக் குறைக்கச் சொல்கிறது இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல், நம் வேலையோ முழுக்கத் திரை. அப்புறம் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு, டாக்டர் சரி என்ற பிறகே ஸ்பாரிங். நாக்அவுட் ஆனவர் ஒரு மாதமாவது தலையில் அடி வாங்கக் கூடாது.

ஏறிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குழறும் பேச்சு, கை கால் பலவீனம், எழுப்பினால் எழாத தூக்கம் என்று எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். 2016 ஏப்ரலில் டப்ளினில் எம்எம்ஏ போட்டியில் தோற்ற போர்ச்சுகீசிய வீரர் ஜுவாவோ கார்வாலோ, ஆட்டம் முடிந்தபோது தெளிவாகத்தான் இருந்தார். இருபது நிமிடம் போல கழித்து உடம்பு சரியில்லை என்றார். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தும் இரண்டு நாளில் இறந்தார்.

கம்பெனி இன்சூரன்ஸ் கொடுக்குமா? 'என் பொறுப்பு' என்று கையெழுத்து வாங்குகிறார்களே?

இந்தியாவில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் பொது விலக்கு வாசகத்தில், அபாய விளையாட்டில் 'தொழில்முறையாக' ஈடுபடுபவருக்குத்தான் விலக்கு என்று இருக்கும். கம்பெனி குரூப் பாலிசியிலும் தனி விபத்துக் காப்பீட்டிலும் வாசகம் வேறாக இருக்கலாம். எச்ஆரிடம் வாயால் கேட்காதீர்கள், மெயிலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தைப் பொறுத்தவரை, மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமில்லாமல், சம்மதித்து ஆடும் விளையாட்டில் ஏற்படும் காயம் குற்றமாகாது என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு. சட்டத்தில் அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணமே பொழுதுபோக்குக்காக இருவர் வாள் வீசிப் பழகுவதுதான். ஆனால் அலட்சியத்தால் மரணம் ஏற்பட்டால் அதே சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு இருக்கிறது. டாக்டரே இல்லாமல் நடத்திய அமைப்பாளரை உங்கள் கையெழுத்து முழுக்கக் காப்பாற்றிவிடாது. அந்தப் பிரிவு உங்களுக்குப் பயன்படும் நிலைமை வராமல் இருக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லலாமா?

நான் சொல்லவில்லை. வீங்கிய கண்ணோடு வீடியோ கால் வந்தபோது சொல்ல வேண்டியதாயிற்று. முன்பே சொல்லுங்கள்.

போட்டியிடுவது நான் இல்லை, என் நண்பர். அன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

கேலரியில் இருந்து "எழுந்திரு, எழுந்திரு" என்று கத்தாதீர்கள். அவர் கார்னரில் நிற்பவரிடம் முன்கூட்டியே பேசி, எந்தக் கட்டத்தில் நிறுத்தச் சொல்வார் என்று கேட்டுவையுங்கள். ஆட்டம் முடிந்ததும் வண்டிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். ஜெயித்தாலும் அன்றைக்கு பீர் கிடையாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், உள்ளே ரத்தக் கசிவு இருந்தால் அவை அதிகமாக்கும். தூங்கலாம், ஆனால் தனியாக இல்லை.

நான் தோற்ற அன்று என் ரூம்மேட் ஹாலில் என் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, தெளிவாக இருக்கிறேனா என்று பார்க்க என் எம்ப்ளாயி ஐடி நம்பரைக் கேட்டான். சொன்னேன். சரி, தூங்கு என்றான். நான் சொன்ன நம்பர் சரிதானா என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்பது காலையில் பல் தேய்க்கும்போதுதான் இருவருக்கும் உறைத்தது.